நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது: ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, பீடியும் பிடிக்கிறார். தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. சற்று நின்றால் சரியாகிவிடுகிறது. நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டார்கள், தைலமும் தேய்க்கிறோம். செருப்பு கடித்து கட்டைவிரலில் வந்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை. ஆனால் வலி இல்லை என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வலி இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சர்க்கரை, பாதத்தின் உணர்வு நரம்புகளை மங்கச் செய்துவிடும். புண் எலும்பு வரை இறங்கினாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். அதனால் அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்காமல், நாளைக்கே ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்தப் பிரிவு இருக்கிறது.

நீங்கள் சொல்லும் கெண்டைக்கால் வலி, காலுக்குப் போகும் தமனியில் கொழுப்பு படிந்து வழி குறுகியதன் அடையாளமாகத்தான் தெரிகிறது. உட்கார்ந்திருக்கும்போது தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். நடக்கும்போது பல மடங்கு வேண்டும். அது வந்து சேராததால் தசை பிடித்துக்கொள்கிறது, நின்றதும் விடுகிறது. முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தி வரும் வலி பெரும்பாலும் வெறுமனே நிற்பதால் போகாது. உட்கார வேண்டும், இல்லை முன்னால் குனிய வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆனாலும் பலருக்குச் சத்து ஊசியிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

முதல் பரிசோதனை எளிது, ஊசி கூடக் கிடையாது. பாதத்தில் நாடி பார்ப்பார்கள். பிறகு கையிலும் கணுக்காலிலும் பிரஷர் அளப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 70 என்றால் விகிதம் 0.5. சாதாரணமாக 1.0 முதல் 1.4 வரை இருக்க வேண்டும், 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. சர்க்கரைக்காரர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால், அடைப்பு இருந்தும் அளவு நார்மலாகவோ அதிகமாகவோ காட்டும். அப்போது கால்விரலில் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் மருந்து செலுத்திக் குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம்.

ரத்தம் போதாத இடத்தில் கட்டு மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் புண் ஆறாது. அடைப்பை விரிக்கும் பலூன், குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் அல்லது மாற்றுவழி போடும் பைபாஸ் மூலம் ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். விரலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், "ரத்த ஓட்டம் பார்த்தாச்சா?" என்று கட்டாயம் கேளுங்கள். பார்க்காமல் வெட்டினால் வெட்டிய இடமே ஆறாமல், அடுத்து பாதம், பிறகு முழங்கால் என்று ஏறிக்கொண்டே போகலாம். சீழ் வேகமாகப் பரவினால் மட்டும் அதை உடனே வெளியேற்றியாக வேண்டும். அப்போது ரத்த ஓட்டப் பரிசோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது.

பீடியை அவர் இன்றே விட வேண்டும். குறைத்துக்கொள்கிறேன் என்பது போதாது. புகை தொடர்ந்தால் வைத்த ஸ்டென்டும் அடைத்துக்கொள்ளும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையும், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரலும் மருத்துவர் தருவார். காலில் படிந்த அதே கொழுப்பு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் படிந்திருக்கலாம் என்பதால், இசிஜி, எக்கோ இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

வலி வரும் வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சி இந்த நோய்க்கு நல்ல மருந்து. ஆனால் புண் ஆறும் வரை அவருக்கு அது வேண்டாம். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்: உணர்வில்லாத தோல் வெந்துபோவது தெரியாது. ஆணிக்காலைப் பிளேடால் சீவ விடாதீர்கள். வீக்கத்துக்கென்று விற்கும் இறுக்கமான காலுறை, இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் தடுத்துவிடும்.

ராத்திரியில் பாதம் எரிந்து வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்றால் அடைப்பு முற்றிவிட்டது என்று பொருள். கால் திடீரென்று வெளிறி, ஜில்லிட்டு, மரத்துப்போய் அசைக்க முடியாமல் போனால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். சுமார் 6 மணி நேரம் தாண்டினால் தசை மீளாமல் போய்விடக்கூடும். நேராக 108-ஐக் கூப்பிடுங்கள்.