ஸ்டேஷனரி இன்ஜினியர் என்றால் நோட்டு, பேனா சமாச்சாரமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் உறவினர் 'ஸ்டேஷனரி இன்ஜினியர்' என்ற வேலைக்கு என் தம்பியை முயற்சி செய்யச் சொல்கிறார். தம்பி டிப்ளமோ படித்தவன். இது என்ன வேலை? இன்ஜினியரிங் டிகிரி இல்லாமல் கிடைக்குமா?

இந்தப் பெயரில் பதினான்கு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், அதனால் சொல்கிறேன். வேலை கிடைத்ததும் போனில் அப்பாவிடம் சொன்னேன். "ஸ்டேஷனரியா? நோட்டுப் புத்தகம் தைக்கிற மிஷினா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கிலீஷிலாவது ஓர் எழுத்து மாறும், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.

இந்த ஸ்டேஷனரிக்கு நகராதது என்று பொருள். நகராமல் இருப்பது ஆள் இல்லை, இயந்திரம். நீராவி இன்ஜின் காலத்துப் பெயர் இது. ரயில் ஓட்டுபவரை அமெரிக்காவில் இன்றும் இன்ஜினியர் என்றுதான் சொல்கிறார்கள். கப்பலின் இன்ஜின் அறையில் இருப்பவர் மரைன் இன்ஜினியர். இவர்களுடைய இன்ஜின்கள் ஊர் ஊராகப் போகும். ஆலையில் போட்ட இடத்திலேயே நின்று ஓடும் இன்ஜினைப் பார்த்துக்கொள்பவருக்கு ஸ்டேஷனரி என்ற அடைமொழி வந்தது அப்படித்தான். பிறகு அந்த இன்ஜின்கள் போய்விட்டன, தண்ணீரைக் காய்ச்சி நீராவி தரும் பாய்லரும் பெயரும் தங்கிவிட்டன.

ஆகவே இங்கே இன்ஜினியர் என்பது பட்டம் இல்லை, இன்ஜினை ஓட்டுபவர் என்ற பழைய பொருள். டிகிரி தேவையில்லை. ஆனால் பல இடங்களில் லைசென்ஸ் தேவை. அமெரிக்கா முழுவதற்கும் ஒரே லைசென்ஸ் கிடையாது. சில மாநிலங்கள் கொடுக்கின்றன, சில இடங்களில் நகராட்சியே கொடுக்கிறது. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் இதே ஆள் 'பவர் இன்ஜினியர்', நான்காம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புவரை படிப்படியாகத் தேர்வு எழுதி ஏற வேண்டும். இந்தியாவில் பாய்லர் அட்டெண்டன்ட், பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் என்ற இரண்டு சான்றிதழ்களுக்கு நடுவே இந்த வேலை பிரிந்து கிடக்கிறது.

சரி, வேலை என்ன? நான் இருப்பது ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில். பாய்லர்கள், ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்கள், அவற்றின் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவர், பம்புகள், கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டர்கள் எல்லாம் எங்கள் பொறுப்பு. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கவும் கட்டடத்தைச் சூடாக்கவும் நீராவி போகிறது. ஷிப்ட் தொடங்கியதும் ஒரு சுற்று வர வேண்டும். அழுத்தம், வெப்பம், தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். பாய்லர் தண்ணீரைச் சோதித்து, மருந்து கலந்து, அடியில் சேரும் சேற்றை வெளியேற்ற வேண்டும்.

இதில் தண்ணீர் மட்டம்தான் உயிர். பாய்லருக்குள் நெருப்புப் படும் குழாய்கள் உருகாமல் இருப்பதே தண்ணீர் சூழ்ந்திருப்பதால்தான். 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் இருக்கும். அழுத்தம் பிடித்து வைத்திருப்பதால் மட்டுமே அது தண்ணீராக இருக்கிறது. உலோகம் கிழிந்தால் அழுத்தம் போய்விடும், அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகும். ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் கிட்டத்தட்ட 1,600 லிட்டராக விரியும். பாய்லர் சுவரைப் பெயர்த்துக்கொண்டு பறப்பது இதனால்தான்.

மட்டத்தைக் காட்டுவது ஒரு சாதாரணக் கண்ணாடிக் குழாய். நான் பயிற்சியில் இருந்தபோது ஓர் இரவு, மட்டம் நட்ட நடுவில் இருக்கிறது என்று திருப்தியாக எழுதி வைத்தேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர் வந்து பார்த்துவிட்டு, எவ்வளவு நேரமாக அது அசையாமல் இருக்கிறது என்று கேட்டார். ஓடும் பாய்லரில் தண்ணீர் லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். இதில் துடிப்பே இல்லை. அவர் கண்ணாடியின் அடி வால்வைத் திறந்து வடித்துவிட்டு மூடினார். தண்ணீர் சட்டென்று எகிறி மேலே வர வேண்டும். வந்தது நத்தை மாதிரி. கீழ் இணைப்பில் சேறு அடைத்திருந்தது. அடைப்பை நீக்கியதும் உண்மையான மட்டம் இரண்டு விரல் கீழே நின்றது. ஆபத்து இல்லைதான். ஆனால் நான் எழுதி வைத்தது பொய்.

தண்ணீர் குறைந்தால் பர்னரைத் தானாக நிறுத்தும் சாதனம் இருக்கிறதே என்றேன். அதற்குள் தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை இருக்கும் அறையிலும் இதே சேறுதான் சேரும் என்றார். அதனால்தான் அதையும் ஷிப்டுக்கு ஒருமுறை வடித்துப் பார்க்கிறோம்.

இன்னொன்று: முழுக்க நிறைந்த கண்ணாடியும் முழுக்கக் காலியான கண்ணாடியும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒரு பென்சிலைக் கண்ணாடிக்குப் பின்னால் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் சாய்வு எதிர்ப்பக்கமாகத் திரும்பித் தெரியும். என் சட்டைப் பையில் எப்போதும் பென்சில் இருக்கும். அந்த வகையில் அப்பா சொன்னதும் தப்பில்லை!

இவ்வளவு கட்டுப்பாடும் சும்மா வரவில்லை. 1905 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநிலம் பிராக்டனில் ஒரு ஷூ தொழிற்சாலையின் பாய்லர் வெடித்தது. கட்டடம் இடிந்து தீப்பிடித்து 58 பேர் இறந்தார்கள். வெடித்தது மாற்றுக்காக வைத்திருந்த பழைய பாய்லர். அதற்குப் பிறகுதான் 1907-ல் அந்த மாநிலம் பாய்லர் விதிகளுக்குச் சட்டம் போட்டது. அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் பாய்லர் விதித்தொகுப்பு, 1914-ஆம் ஆண்டுப் பதிப்பு, அதைத் தொடர்ந்து வந்தது.

தம்பிக்குப் பொருந்துமா என்றால், அவன் குணத்தைப் பொறுத்தது. இரவு ஷிப்ட் உண்டு, பண்டிகை நாளிலும் போக வேண்டும், சூடும் இரைச்சலும் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை சலிப்பு. நூறு சுற்றில் தொண்ணூற்றொன்பதில் எதுவும் மாறியிருக்காது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போன மணி நேரத்து எண்களைத் திரும்ப எழுதத் தோன்றும். அப்படி எழுதுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் எனக்குத் தெரியாது. ஏனென்றால் லாக் புக் வெறும் சடங்கு இல்லை. புகைபோக்கியின் வெப்பம் சில வாரங்களில் 22 டிகிரி செல்சியஸ் ஏறினால் திறன் சுமார் 1 சதவீதம் போயிற்று என்று கணக்கு. குழாயில் கரியோ உப்புப் படிவோ சேர்கிறது என்று அந்த எண்கள்தான் முதலில் சொல்லும்.

விளம்பரத்தில் லோ பிரஷரா, ஹை பிரஷரா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நீராவி பாய்லரில் 15 பிஎஸ்ஐ தான் எல்லைக்கோடு. அதற்கு மேல் என்றால் கேட்கும் லைசென்ஸும் அனுபவமும் பெரும்பாலும் வேறு. சில இடங்களில் 'பில்டிங் இன்ஜினியர்', 'ஆபரேட்டிங் இன்ஜினியர்' என்றும் போடுவார்கள், அதையும் தேடட்டும்.