கரியைத் துடைத்துவிட்டால் படகு சரியாகிவிடுமா?

கேள்வி: எஞ்சின் அறையில் தீப்பிடித்த ஃபைபர் படகு ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. உள்ளே ஒரே கரி. வெளியே ஜெல்கோட் என்னும் பளபளப்பான மேல்பூச்சு ஓரிடத்தில் கொப்பளித்திருக்கிறது. "கழுவித் தேய்த்து இரண்டு அடுக்கு ஃபைபர் போட்டால் புதுசு" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதைவிட முக்கியம், இப்போதைக்கு யாரையும் கழுவ விடாதீர்கள். சூடு எந்தப் பக்கம் ஏறியது என்று காட்டும் முக்கியமான தடயம் அந்தக் கரிதான். முதலில் உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள்.

ஃபைபர் எனப்படும் கண்ணாடி நார் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் இளகும். அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கும் சாதாரண பாலியஸ்டர் ரெசினோ 100 டிகிரிக்குள்ளேயே விறைப்பை இழக்கத் தொடங்கிவிடும். அதனால் ரெசின் எரிந்துபோன இடத்தில் நார் மட்டும் காய்ந்த துணி மாதிரி நிற்கும். அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். என் கவலை அதைச் சுற்றியுள்ள பகுதியைப் பற்றித்தான். அங்கே தீ தொட்டிருக்காது, சூடு மட்டும் ஏறியிருக்கும். பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும்.

அதைக் காது கண்டுபிடிக்கும். ஒரு நாணயமோ சின்ன பிளாஸ்டிக் சுத்தியலோ போதும். தீயிலிருந்து தள்ளி, நல்ல இடத்தில் தட்ட ஆரம்பித்து மெல்ல மெல்லக் கரியை நோக்கி வாருங்கள். கணீரென்ற சத்தம் மங்கி 'பொத்' என்று கேட்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோடு பல நேரம் கரியின் எல்லையைத் தாண்டியே விழும். இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவில் ஃபோமோ, பால்சா என்னும் லேசான மரமோ வைத்துக் கட்டிய படகானால் இன்னும் பொறுமையாகத் தட்டுங்கள். ஃபோம் சீக்கிரமே இளகி மேல்தோலை விட்டுவிடும். ஈரமானியை இங்கே நம்ப வேண்டாம். கரி மின்சாரத்தைக் கடத்துவதால் ஈரம் இல்லாத இடத்திலும் அது ஈரம் காட்டக்கூடும்.

அப்புறம் எஞ்சினைத் தாங்கும் கட்டைகள், குறுக்குத் தடுப்புகள். இவை படகின் உடலோடு ஒட்டும் மூலையில் பழுப்பு நிறமோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் வேலை பெரிது. நீளமான வளையும் சட்டம் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து, உடல் எங்கேயாவது உள்வாங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசிச் சோதனை, கோட்டுக்கு அருகே உள்ளங்கையளவு தேய்த்துப் பார்ப்பது. பழுப்பு மறைந்து கெட்டியான ரெசின் வரும்வரை எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரிந்துவிடும். தூசு மோசமானது, முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

இவ்வளவு ஏன் என்றால், கெட்ட பகுதியை வெட்டி எடுத்து ஒட்டுப்போடும்போது அந்த ஓட்டையின் ஓரத்தைத் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகச் சீவுவது வழக்கம். 6 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுற்றிலும் 72 மில்லிமீட்டர். 20 சென்டிமீட்டர் ஓட்டை சுமார் 34 சென்டிமீட்டர் வேலையாகிவிடும். "இரண்டு அடுக்கு" என்பதற்கும் இதற்கும் செலவில் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்.

விற்பவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் சம்பந்தமில்லாத படகு சர்வேயர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கிய பிறகே விலை பேசுங்கள். தேய்த்துப் பார்க்க விற்பவர் விடவில்லை என்றால் அந்தப் படகே வேண்டாம்.