மெட்ரோவை நம்பிப் பெரம்பூர் வீட்டை புரோமோட்டரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்று, ஓய்வூதியம் வாங்குகிறேன். சென்னை பெரம்பூரில் 20 அடித் தெருவில், என் தந்தை 1974-இல் வாங்கிக் கட்டிய ஒரு கிரவுண்டு வீட்டில் வசிக்கிறோம். பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டனர். தந்தை உயில் எழுதவில்லை. ஒரே தங்கை திருச்சியில் இருக்கிறார். பின்கட்டில் ஒரு குடும்பமும் முன்பக்கத்தில் ஒரு தையல் கடையும் நெடுங்காலமாக வாடகைக்கு இருக்கின்றன. ஜாயின்ட் வென்ச்சர் முறையில் (நிலம் எங்களுடையது, கட்டும் செலவு அவருடையது) ஆறு வீடுகள் கட்டி, தலா 800 சதுர அடியில் மூன்று வீடுகளும் 15 லட்சம் ரூபாயும் தருவதாக ஒரு புரோமோட்டர் சொல்கிறார். ஒப்பந்த வரைவை இணைத்துள்ளேன். மெட்ரோ ஓடத் தொடங்கினால் விலை இரட்டிப்பாகும், அதுவரை பொறுங்கள் என்கிறார் தரகர். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஐயா, இந்த வரைவில் இப்போதுள்ளபடி கையெழுத்துப் போடாதீர்கள். அதே சமயம், மெட்ரோவுக்காகக் காத்திருப்பதையும் ஒரு திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை செல்லும் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 3-ஆம் வழித்தடம், பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம் வழியே நிலத்தடியில் அமைகிறது என்பது உண்மை. ஆனால் அது உங்கள் தரகருக்கு மட்டும் தெரிந்த செய்தியல்ல. நிலம் விற்பவர்கள் அதைப் பல ஆண்டுகளாகவே விலையில் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அறிவிப்புக்கும் ஓட்டத்துக்கும் இடையே எவ்வளவு காலம் கரையும் என்பதற்கு வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் நீட்டிப்பே சாட்சி: 2008-இல் தொடங்கிய பணி, சுமார் 500 மீட்டர் நிலத்தைக் கையகப்படுத்துவதில் சிக்கி, பத்தாண்டுகளுக்கும் மேல் முடங்கிக் கிடந்தது. அந்த ரயிலை நம்பிக் கடன் வாங்கி ஆதம்பாக்கத்தில் வீடு வாங்கியவர்கள், ரயில் வருமுன்பே மாதத் தவணையின் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1996-இல் மூடப்பட்ட பெரம்பூர் பின்னி மில்லின் நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. பகுதி வளர்கிறது என்பதற்கு அதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். எனக்கோ அது உங்கள் மூன்று வீடுகளுக்குப் போட்டியாகவும் தெரிகிறது. வெளியிலிருந்து வரும் பணம் நிலத்தின் விலையை உயர்த்துகிறது. வாடகையை நிர்ணயிப்பது அந்தத் தெருவில் குடியிருக்கக்கூடியவர்களின் சம்பளம். அதிக வாடகை தரக்கூடியவர் லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி உள்ள பெரிய வளாகத்துக்குப் போய்விடுவார். 20 அடித் தெருவிலுள்ள ஆறு வீட்டுக் கட்டடத்துக்கு ரயில்வே ஊழியரும் பள்ளி ஆசிரியரும்தான் வருவார்கள். ஆகவே வீட்டின் சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதத்துக்கு மேல் வாடகையை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

இனி வரைவுக்கு வருவோம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தளப் பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளங்களும் சேர்த்து மனைப் பரப்பைப் போல இரு மடங்கு என்ற விதிப்படி 4,800 சதுர அடி கட்டலாம். அதில் பாதி உங்களுக்கு என்பது பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது. (கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பு வாங்கும் வாய்ப்பு அகலமான சாலைகளுக்குத்தான் உண்டு, உங்கள் தெருவுக்குக் கிடையாது.) ஆனால் வரைவின் ஏழாவது பத்தியில் "நில உரிமையாளருக்கு மூன்று வீடுகள் ஒப்படைக்கப்படும்" என்றுதான் இருக்கிறதே தவிர, பிரிக்கப்படாத நிலப்பங்கான யு.டி.எஸ். பற்றி ஒரு சொல்கூட இல்லை. கட்டடம் ஆண்டுக்காண்டு தேயும். விலை ஏறுவது நிலம்தான். 1,200 சதுர அடி யு.டி.எஸ். உங்கள் தரப்புக்கே என்று எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிடச் செய்யுங்கள். 800 சதுர அடியில் மாடிப்படியும் பொதுச் சுவரும் எவ்வளவு போகின்றன, வீட்டுக்குள் புழங்கும் இடம் எவ்வளவு என்பதையும் தனியே எழுதி வாங்குங்கள்.

பதினோராவது பத்தி என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. உங்கள் சார்பில் விற்கவும் கையெழுத்திடவும் உரிமை தரும் பொது அதிகாரப் பத்திரத்தை முழு மனைக்கும் கேட்கிறார்கள். மூல ஆவணமான தாய்ப்பத்திரத்தின் அசலையும் முதல் நாளே கேட்கிறார்கள். இரண்டையும் கொடுத்துவிட்டால், கட்டுமானம் பாதியில் நின்றாலும் உங்கள் கையில் பிடி இருக்காது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் எட்டு வீடுகளுக்கு மேற்படாமல் கட்டும் திட்டத்துக்கு, வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் கீழ்ப் பதிவு கட்டாயமில்லை. உங்கள் மனை 223 சதுர மீட்டர்தான் என்பதால் அந்தப் பாதுகாப்பும் இல்லாமல், ஒப்பந்தம் ஒன்றே உங்களுக்குத் துணை. எனவே, புரோமோட்டரின் பங்குக்கு மட்டும், அதுவும் கட்டுமானம் முன்னேற முன்னேறத் தவணையாக, விற்கும் அதிகாரம் கொடுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். கட்டும் காலத்துக்கான உங்கள் வீட்டு வாடகையையும் தாமதத்துக்கான மாத இழப்பீட்டையும் எழுத வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஸ்டில்ட் தளம் (தூண்கள் மட்டும் நிற்கும், வண்டி நிறுத்தும் கீழ்த்தளம்) தெரு மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் வரைபடத்தில் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தங்கையிடம் பேசுங்கள். தந்தை சுயமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் மறைந்த சொத்தில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்குச் சரிபாதி உண்டு. உங்கள் கேள்வியில் தங்கை இருக்கிறார் என்பதைத் தவிர, அவருடைய பங்கைப் பற்றி ஒன்றுமே இல்லாததால் இதை அழுத்திச் சொல்கிறேன். மூன்று வீடுகளில் அவருக்கு எது, 15 லட்சத்தில் எவ்வளவு என்பது முடிவாகி, வாரிசுச் சான்றும் பட்டா மாற்றமும் கைக்கு வந்த பிறகே புரோமோட்டரிடம் மேற்கொண்டு பேசுங்கள்.

வருமான வரியில், பதிவு செய்த ஒப்பந்தமாக இருந்தால், மூலதன ஆதாயம், அதாவது சொத்தைக் கைமாற்றுவதில் வரும் லாபம், பொதுவாகக் கட்டட நிறைவுச் சான்று கிடைக்கும் ஆண்டில்தான் கணக்கிடப்படும். அதற்கு முன் உங்கள் பங்கில் ஒரு வீட்டை விற்றால் இந்தச் சலுகை போய்விடும். ரொக்கத் தொகையில் 10 சதவீதம் வரிப்பிடித்தம் உண்டு. சொத்து 2001-க்கு முந்தையது என்பதால் 1.4.2001 தேதியின் மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்த அன்றைய வழிகாட்டி மதிப்பின் நகலை இப்போதே வாங்கி வையுங்கள். கிடைக்கும் எல்லா வீடுகளுக்கும் வரிவிலக்கு உண்டு என்று புரோமோட்டர் சொன்னால் நம்ப வேண்டாம், ஆடிட்டரிடம் கேளுங்கள்.

உங்கள் ஓய்வூதியம் குடும்பச் செலவுக்குப் போதுமென்றால் அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. திருத்திய வரைவுக்கு இவர் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். பெரம்பூரில் ஒரு கிரவுண்டுக்கு அடுத்த புரோமோட்டர் வருவார்.

வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி வரைவில் "காலி மனையாக ஒப்படைக்க வேண்டும்" என்ற ஒரு வரிதான் உள்ளது. தையல்காரரின் வாடிக்கையாளர்கள் அந்தத் தெருவிலேயே இருப்பவர்கள். இடம் மாறினால் அவர் தொழிலையே புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். பின்கட்டுக் குடும்பத்துக்கும் பக்கத்தில் அதே வாடகையில் வீடு கிடைப்பது அரிது. இருவருக்கும் குறைந்தது ஆறு மாத அவகாசம் கொடுங்கள். காலி செய்யும் அன்றே அட்வான்ஸ் முழுவதையும் திருப்பித் தாருங்கள். இடம் மாறும் செலவுக்காக ஒரு தொகையை அந்த 15 லட்சத்திலிருந்து இப்போதே ஒதுக்கி, மீதியை மட்டும் உங்களுக்கும் தங்கைக்கும் உரிய பணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.