கேளுங்கள், சொல்கிறேன்: மெட்டு, பம்பை, பத்திரம்

அம்மன் பாட்டு, குறும்படம், தேர்தல் பாட்டு என்று எது வந்தாலும் பாலக்கோடு பக்கத்தில் தன் வீட்டு மாடியறையில் இருந்தே செய்து கொடுக்கும் இசையமைப்பாளர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: சார், நீங்கள் யாரிடம் இசை படித்தீர்கள்? வீட்டில் யாராவது பாடுவார்களா? (வாசகி, காவேரிப்பட்டணம்)

வீட்டில் யாரும் பாட மாட்டார்கள், அப்பாவுக்கு மாங்காய் வியாபாரம். எனக்கு முதல் பாடம் பாரதக் கூத்து. நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம் என்று ஊரே தூங்காது. மற்ற பையன்கள் வேஷம் பார்க்க முன்னால் போய் உட்காருவார்கள், நான் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை வாசிப்பவர்களுக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பேன். அந்த முகவீணை இருக்கிறதே, நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற சின்னக் கருவி, ஒரு முழம்கூட வராது, ஆனால் மைக் இல்லாமலே கடைசி வரிசையில் தூங்குகிறவரை எழுப்பிவிடும். அதற்கு ஈடுகொடுத்து விடிய விடிய உச்ச சுருதியில் பாடும் வேஷக்காரருக்கு நாலு மணிக்கு மேல் தொண்டை கட்டிக்கொள்ளும். அப்போது பாட்டில் மேலே போகிற இடம் வந்தால் அவர் சும்மா வாயசைத்து அடவு போட்டு நகர்ந்துவிடுவார், அந்த இடத்தைப் பின்பாட்டும் முகவீணையும் தூக்கிக்கொண்டு போகும், கூட்டத்துக்கு ஒன்றுமே தெரியாது. பாடுகிற ஆளின் தொண்டைக்குத்தான் மெட்டு என்பதை அங்கேதான் பார்த்தேன்.

அப்புறம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. திருவிழா திருவிழாவாக இளையராஜா பாட்டுகளை வாசித்தபோதுதான், மேலே பாடகர் ஒரு வழியில் போக, கீழே பேஸ் கிடார் தனக்கென்று இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போவது காதில் விழுந்தது. இளையராஜாவும் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசை படித்தவர்தான், கேள்வி ஞானம் மட்டும் போதும் என்று நினைக்கும் தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன்.

கே: மெட்டு முதலில் வருமா, வரி முதலில் வருமா? (வாசகர், அரூர்)

காசு கொடுப்பவர் எதை முதலில் அனுப்புகிறாரோ அது! எனக்குப் பிடித்தது என்று கேட்டால், வரி. தமிழில் குறில் எங்கே, நெடில் எங்கே, ஒற்று எங்கே முட்டுகிறது என்று பார்த்தாலே பாதி மெட்டு கிடைத்துவிடும். ஒரு ஊர் அம்மன் பாட்டுக்கு, ‘கல்லு மேல நின்னவளே’ என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் எழுத்தை இழுத்துப் பாடிப் பாருங்கள், ‘காலு மேல’ என்று அம்மன் யார் காலிலோ ஏறி நின்றுவிடுவாள். அதனால் ‘கல்லு’வைச் சட்டென்று தட்டி விட்டுவிட்டு, ‘மே’யை இழுத்து, ‘ளே’யில் போய் நின்றேன், அந்த ‘ளே’ முடிவதற்குள் பம்பை உருட்டிக்கொண்டு வந்து விழும்.

மெட்டுக் கட்டும்போது கீபோர்டைத் திறப்பதே இல்லை, வாயால் பாடித்தான் கட்டுவேன். விரல் எப்போதும் பழகிய கார்டுக்கே, அதாவது சேர்த்து அமுக்கிப் பழகிய கட்டைகளுக்கே போகும், அதோடு எங்கே மூச்சு முட்டும் என்பது தொண்டைக்குத்தான் தெரியும், விரலுக்குத் தெரியாது. கோயிலில் ஊர்ப் பெண்கள் கூடவே பாட வேண்டிய பாட்டு என்றால் கீழ் ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரை உள்ள ஒரு ஸ்தாயியைத் தாண்டவே மாட்டேன். ராகம் எது என்று எல்லாம் முடிந்த பிறகுதான் பார்ப்பேன், சில சமயம் எதிலும் சேராது, சேராவிட்டால் என்ன.

கே: அண்ணா, பம்பையை ரெக்கார்டிங் செய்தால் ஒரே இரைச்சலாக, உடைந்து கேட்கிறது. என்ன செய்வது? (வாசகர், பென்னாகரம்)

மைக்கைத் தோலுக்கு ஒட்டி வைத்திருப்பீர்கள். பம்பை என்பது ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு முழவு, ஒன்று மரம், ஒன்று வெண்கலம், இரண்டும் வேறு வேறு குரல். நாலைந்து அடி தள்ளி ஒரு மைக் வையுங்கள், இரண்டும் அங்கே வந்துதான் கலக்கும். கெயினை, அதாவது மைக் சத்தத்தை உள்ளே வாங்கும் அளவைக் குறையுங்கள், 24 பிட்டில் பதிவு செய்தால் மீட்டர் உச்சமே மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாவிட்டாலும் ஒன்றும் குறையாது. அளவு மீறி மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்த சத்தத்தை மட்டும் அப்புறம் யாராலும் முழுசாகச் சரி செய்ய முடியாது. ஓடு போட்ட வராந்தா இருந்தால் அங்கேயே எடுங்கள், நாலு பக்கமும் பஞ்சு ஒட்டிய அறையில் பம்பை செத்துப்போகும்.

கே: நான் போட்ட பாட்டை ஒரு கம்பெனி மொத்தமாக ஒரு தொகைக்குக் கேட்கிறது. ‘எல்லா உரிமையும்’ என்று பத்திரத்தில் போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? (வாசகர், ஓசூர்)

பொறுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் கொடுக்கும் பணத்தில், தங்களுக்கு வர வேண்டிய சம பங்கை, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. சினிமாப் பாட்டு தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது. உரிமையை எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று பத்திரத்தில் போடவில்லை என்றால் சட்டம் அதை 5 வருஷமாகத்தான் எடுத்துக்கொள்ளும், எந்த நாட்டுக்கு என்று போடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று மறக்காமல் அச்சடித்து வைத்திருப்பார்கள், முதலில் அந்த வரியைத் தேடுங்கள். பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். ஐபிஆர்எஸ் என்ற சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளுங்கள், வெளியில் வாசிக்கப்படும் பாட்டுக்கு ராயல்டி வசூலித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. தொகை பெரியது என்றால் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், தப்பில்லை.

கே: ஏன் சென்னைக்குப் போகவில்லை? (வாசகர், தருமபுரி)

சென்னையைவிடப் பெங்களூருதான் எனக்குப் பக்கம்! பாடகர் வேண்டுமென்றால் அங்கிருந்து காலையில் பஸ் ஏறி வந்து, பாடிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

கே: என் மகன் கீபோர்டில் எந்தப் பாட்டையும் கேட்டவுடன் வாசிக்கிறான். சொந்தமாக மெட்டுப் போடச் சொன்னால் விழிக்கிறான். (வாசகி, தேன்கனிக்கோட்டை)

அவனுக்கு எல்லாக் கட்டையும் தெரியும், அதுதான் பிரச்சினை. ச, ரி, க மூன்றை மட்டும் கொடுங்கள், அதற்குள் நாலு வரி பாடச் சொல்லுங்கள், வாசிக்க அல்ல, பாட. வரி எதுவாகவும் இருக்கட்டும், ரேஷன் கடைப் பட்டியல்கூடப் போதும். நாலு வரியும் ஒரே மாதிரி முடியக் கூடாது என்பது மட்டும் விதி. அது வந்த பிறகு ‘ப’வைச் சேர்த்துக்கொள்ளலாம். முறையாகப் படிக்க விரும்பினால் கிருஷ்ணகிரியிலேயே அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்று வருஷப் படிப்பு, குரலிசையும் உண்டு வயலினும் உண்டு. கீபோர்டு இல்லையே என்று அவன் முகம் சுளிப்பான், குரலிசையில் சேருங்கள்.