டிடிஎச்சை விட்டுவிட்டு இணைய டிவிக்கு மாறலாமா?

வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் டிடிஎச் ரீசார்ஜை நிறுத்திவிட்டு, ஃபைபர் இணைப்பிலேயே டிவி பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையில் நான் குடியிருக்கும் வீட்டில் மூன்று ஆண்டுகளாக இணைய டிவிதான். கும்பகோணத்தில் அம்மா இருக்கும் வீட்டில் டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னவனும் நானே.

ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் ஒரே அலையைத்தான் எல்லா வீட்டு மாடிக்கும் அனுப்புகிறது. எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் படம் திணறாது. இணையத்திலோ பெரும்பாலான செயலிகள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் படத்தை அனுப்புகின்றன. அதைச் சில விநாடித் துண்டுகளாக வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டுவதால், நேரலைக் கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்த செய்தி பக்கத்து வீட்டுக் கூச்சலாகவே நமக்கு முதலில் வந்து சேரும்.

டிஷ்ஷின் பலவீனம் மழை. டிடிஎச் பயன்படுத்தும் கேயூ பட்டை என்ற அலைவரிசையின் அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான் என்பதால், அடைமழையின் பெருந்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மழை தணிந்ததும் படம் தானாகவே திரும்பிவிடும். ஆனால் தூறலுக்கே "நோ சிக்னல்" என்று வந்தால் வானத்தைக் குறை சொல்லாதீர்கள். அம்மா வீட்டில் அப்படித்தான் ஓர் ஆண்டு முழுக்கப் பொறுத்துக்கொண்டோம். பிறகு மாடியேறிப் பார்த்தபோது, டிஷ்ஷின் முன்னே நீட்டிக்கொண்டு அலையை வாங்கும் எல்என்பி என்ற கருவியில் சொருகும் கேபிள் முனைக்குள் நீர் இறங்கி, நடுவிலிருந்த செப்புக் கம்பி பச்சை பூத்துப் போயிருந்தது. முனையை வெட்டிப் புதிதாகப் போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டியதோடு சரியாயிற்று.

ஃபைபரை மழைத்துளி ஒன்றும் செய்யாது. கிளை முறிந்து விழுந்தால் அறுந்துவிடும். அப்போது ரவுட்டர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரியும், ஆள் வந்து ஒட்டும்வரை டிவியும் இல்லை, இணையமும் இல்லை. கோவையில் ஒருமுறை இதற்கு நான்கு நாள் காத்திருந்தோம்.

செலவைப் பொறுத்தவரை, எப்படியும் வீட்டில் ஃபைபர் இருந்தால் இணைய டிவி லாபம். எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் வேகம் போதும். மணிக்கு இரண்டு ஜிபிக்குச் சற்று மேலே ஆகும், ஆகவே நாளுக்கு 1.5 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தை நம்பி இதில் இறங்கக் கூடாது. டிவிக்காகவே புதிதாக ஃபைபர் வாங்குவதானால் டிடிஎச்தான் மலிவு. 2019-இல் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி வேண்டிய சேனல்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கட்டணத்தை இறக்கிக்கொள்ளலாம். மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது, தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு என்றாலும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது ரிமோட். அம்மாவுக்குச் சேனல்கள் எண்களாகவே மனப்பாடம். கண்ணாடி போடாமலே மூன்று எண்ணை அழுத்தி நாடகத்துக்குப் போய்விடுவார். கோவைக்கு வந்தால், செயலியைத் திறந்து, வரிசை வரிசையாக வரும் படங்களுக்கு நடுவே தேடச் சலித்து, யாராவது போட்டுக் கொடுக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே உடனே டிஷ்ஷைக் கழற்றாதீர்கள். இரண்டு மாதம் இரண்டையும் ஓட்டி, உங்கள் பெற்றோர் எந்த ரிமோட்டைக் கையில் எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த இரண்டு மாதங்களில் ஒன்று ஐப்பசியாக இருக்கட்டும்.