காலையில் சிவப்புப் பெருக்கல் குறி காட்டும் இசட் டிரைவ்: சர்வர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே மாடியில் வீடு. கடை கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு ஃபோல்டரை வீட்டுக் கம்ப்யூட்டரில் இசட் டிரைவாக இணைத்திருக்கிறோம். இரண்டுமே விண்டோஸ் 11 ஹோம், ஒரே வைஃபை. காலையில் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், நெட்வொர்க் டிரைவை இணைக்க முடியவில்லை என்று வருகிறது. டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. தானாகத் திறக்கும் பில்லிங் சாஃப்ட்வேர், ஃபைல் இல்லை என்று நின்றுவிடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர், தனியாக ஒரு சர்வர் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை அப்படியே வைத்திருங்கள்.

சிவப்புக் குறி தெரியும்போது அந்த டிரைவை இரண்டு முறை கிளிக் செய்து பாருங்கள். திறந்துவிட்டால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம். நீங்கள் லாகின் செய்ததும் விண்டோஸ் இசட் டிரைவைத் தேடுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டர் அதற்குள் வைஃபையில் சேர்ந்திருக்காது. தேடிக் கிடைக்காததால் குறியைப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயல்வதில்லை. இது இன்று நேற்று வந்த குறை இல்லை. 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலேயே இது தலைதூக்கி, லாகினுக்குப் பிறகு டிரைவை மறுபடி இணைக்கும் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகள் எழுதிய சிறு ஃபைலை, மைக்ரோசாஃப்டே வெளியிட்டது. நெட்வொர்க் வந்தபிறகு இணைக்கட்டுமா என்று செட்டிங்கில் ஒரே ஒரு டிக் வைத்திருக்கலாம். அதைச் செய்யாமல், கடை நடத்துகிறவர்கள் ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அந்த இடைவெளியில்தான் சர்வர் விற்கிறவர்கள் நுழைகிறார்கள்.

நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. காற்றடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். வந்ததும் ரவுட்டர், கடை கம்ப்யூட்டர், வீட்டுக் கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் ஆன் செய்வோம். ரவுட்டர் தயாராக ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும் என்பதால் அன்றைக்குக் கட்டாயம் சிவப்புக் குறிதான். இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டரை அந்த லைனில் போடுங்கள். கடை கம்ப்யூட்டரை முதலில் ஆன் செய்து, அது தானாக ஸ்லீப்புக்குப் போகாதபடி பவர் செட்டிங்கை மாற்றுங்கள்.

இனி, ஒரு பைசா செலவில்லாத வழி. இசட் டிரைவை ரைட் கிளிக் செய்து டிஸ்கனெக்ட் கொடுங்கள். ஃபைல் எதுவும் அழியாது, வழி மட்டும்தான் போகும். அடுத்து கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல் பகுதியில் கடை கம்ப்யூட்டரின் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் சேமியுங்கள். யூசர் பெயருக்கு முன்னால் கடை கம்ப்யூட்டரின் பெயரும் ஒரு பேக்ஸ்லாஷும் இருக்கட்டும்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தினமும் கம்ப்யூட்டரைத் திறக்க நான்கு இலக்க பின் போடுகிறீர்கள் அல்லவா? அது இங்கே செல்லாது. பின் என்பது அந்த ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து போடுவதற்கு மட்டும். நெட்வொர்க் வழியாக வருகிறவரிடம் விண்டோஸ் கேட்பது கடை கம்ப்யூட்டரில் உள்ள யூசர் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு. வீட்டுக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டும் இல்லை. கடை கம்ப்யூட்டர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தால் அந்த மெயிலும் அதன் பாஸ்வேர்டும் வேண்டும். அந்த மெயில் யாருடையது என்று பாருங்கள்: விற்றவரே தன் மெயிலைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்கள் எத்தனையோ உண்டு. கடை கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே இல்லை என்றாலும் நடக்காது. வெற்றுப் பாஸ்வேர்டு உள்ள கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது.

இந்தத் தலைவலி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, கடை கம்ப்யூட்டரில் ஷேரிங்குக்கென்றே தனியாக ஒரு யூசர் கணக்கு. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட். மெயில் கேட்கும். இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற வரியை அழுத்தினால், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழி அடுத்த திரையில் வரும். இந்த வழியை இவ்வளவு ஒளித்து வைத்திருக்க வேண்டாம். சின்னதாக ஆங்கிலத்தில் ஒரு பெயர், நல்ல பாஸ்வேர்டு கொடுங்கள். பிறகு கணக்கு ஃபோல்டரின் ஷேரிங்கில் இந்தப் பெயருக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுங்கள்.

மறுபடி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வாருங்கள். கிரெடென்ஷியல் மேனேஜரில் இருக்க வேண்டியது இந்தப் புதுக் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும்தான். அடுத்து, சொன்ன நேரத்தில் ஒரு வேலையைத் தானாகச் செய்யும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து கிரியேட் டாஸ்க் கொடுங்கள். டிரிகரில் அட் லாக் ஆன் தேர்ந்தெடுத்து, கீழே தாமதத்துக்கு 1 நிமிடம் வையுங்கள். ஆக்ஷனில் புரோகிராம் பெட்டியில் நெட். அதன் கீழுள்ள ஆர்கியூமென்ட்ஸ் பெட்டியில்: யூஸ், இடைவெளி, இசட், கோலன், இடைவெளி, இரண்டு பேக்ஸ்லாஷ், கடை கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், ஃபோல்டரின் ஷேர் பெயர், இடைவெளி, ஒரு ஸ்லாஷ், பெர்சிஸ்டன்ட், கோலன், நோ. எல்லாம் ஆங்கில எழுத்தில் (net, use, Z, persistent, no). கண்டிஷன்ஸில், மின்சாரம் இருந்தால் மட்டும் என்பதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள். லேப்டாப்பாக இருந்தால் கரண்ட் இல்லாத நேரத்தில் டாஸ்க் ஓடாமல் போவது அந்த டிக்கால்தான். ஹையஸ்ட் பிரிவிலேஜஸ் என்ற பெட்டியைத் தொடவே வேண்டாம், தொட்டால் டிரைவ் இணைந்தும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பில்லிங் சாஃப்ட்வேரை ஸ்டார்ட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, டிரைவ் வந்தபிறகு நீங்களே திறங்கள்.

சர்வீஸுக்கு வருகிறவர் இதற்குப் பதிலாக வேறு சிலதைச் செய்யப் பார்ப்பார். சம்மதிக்காதீர்கள். ஃபயர்வாலை அணைப்பது ஒன்று. பாஸ்வேர்டு இல்லாமல் யார் வேண்டுமானாலும் திறக்கும்படி ஃபோல்டரை விடுவது இன்னொன்று. இரண்டையும் விட மோசம், ஃபோல்டர்களை ஷேர் செய்ய இருந்த எஸ்எம்பி 1 என்ற பழைய வசதியை ஆன் செய்வது. 2017 மே மாதம் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த வருடக் கடைசியிலிருந்தே புதிதாக நிறுவும் விண்டோஸில் அதைத் தவிர்த்துவிட்டார்கள். உங்கள் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் அது தேவையே இல்லை. ஷீட் கொடுத்தவர்களின் பாக்கி, பில், வங்கி விவரம் எல்லாம் அந்த ஃபோல்டரில் இருக்கிறது. ஒரு வாரம் பூட்டிக் கிடந்தால் கடை என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் முடியாது, ப்ரோ பதிப்புக்கு மாற வேண்டும் என்று மலிவாக ஒரு கீ விற்பவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன எல்லாமே ஹோமில் நடக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறேன் என்று சர்வீஸ்காரர் போட்ட எனிடெஸ்க் மாதிரியான சாஃப்ட்வேரை, வேலை முடிந்ததும் உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டுகளையும் அன்றே மாற்றுங்கள்.

வீடு வேறு ஊரில் இருந்தால் இந்த வழி கிடையாது. அதற்காக ரவுட்டரில், ஃபோல்டர் ஷேரிங்குக்கான வாசலான போர்ட் 445-ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் போதாது. ஷட்டவுன் செய்து, கொஞ்சம் விட்டு ஆன் செய்யுங்கள், காலையில் நீங்கள் செய்வது அதுதானே. ஒரு நிமிடத்தில் கருப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறையும், இசட் டிரைவ் வந்துவிடும். வராவிட்டால் முதலில் கடை கம்ப்யூட்டரின் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். அதுவும் சரியென்றால், இரண்டு கம்ப்யூட்டரிலும் உங்கள் வைஃபை, பிரைவேட் நெட்வொர்க்காகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடை கம்ப்யூட்டரில் அது பப்ளிக் என்று இருந்தால் ஷேரிங் வேலை செய்யாது.