தொண்டையில் கிருமி இருக்கிறது, பிள்ளைக்கு நோயில்லை: மருந்து வேண்டுமா?

ஹட்டனிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகளுக்கு 9 வயது. பக்கத்து லயத்துப் பிள்ளைக்குத் தொண்டையில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்ததால், பயந்துபோய் இவளுக்கும் தொண்டையில் பஞ்சு தொட்டுப் பரிசோதித்தோம். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. மருந்து தேவையில்லை என்கிறார் டொக்டர். நாங்களே பார்மசியில் வாங்கிக் கொடுக்கலாமா? வீட்டில் சின்னவனும் இருக்கிறான்."

வாங்காதீர்கள் அம்மா. உங்கள் டொக்டர் சொன்னதுதான் சரி.

பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நோயில்லாத பிள்ளைகளில் சுமார் 12 சதவீதமானோரின் தொண்டையில் இந்தக் கிருமி இருக்கிறது. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாலைந்து பேர். கிருமி அங்கே தங்கியிருக்கிறது, உடலைத் தாக்கவில்லை. இந்தக் கிருமியால் தொண்டை நோய் வந்த பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் வாதக்காய்ச்சல், இப்படிப்பட்ட பிள்ளைக்கு வருவது மிக அரிது. தம்பிக்குத் தொற்றும் வாய்ப்பும் குறைவு. பெனிசிலின் கொடுத்தாலும் இந்தக் கிருமி பல பிள்ளைகளிடம் போவதில்லை. அதற்காக டொன்சிலை வெட்டவும் வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாளை அவளுக்குச் சாதாரணத் தடிமன் பிடித்தாலும் பரிசோதனை இதே முடிவைத்தான் காட்டும். அதனால் ரிப்போர்ட்டை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். மூக்கு ஒழுகி, இருமலும் இருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். திடீர்க் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறி, டொன்சிலில் வெள்ளைப் படிவு, ஆனால் இருமல் இல்லை என்றால் உடனே காட்டுங்கள். வலி தொடங்கி 9 நாட்களுக்குள் பெனிசிலின் ஆரம்பித்தால் வாதக்காய்ச்சலைத் தடுக்கலாம். அந்தக் காய்ச்சல் தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீக்கத்தோடு வந்து, இதய வால்வைக் கெடுத்துவிடலாம்.

கொழுந்துக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும், ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தெரியும். அதற்காக, 10 நாள் மருந்தை மூன்றாம் நாளே நிறுத்தி, மீதியை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு அந்த 10 நாளும் முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது வாதக்காய்ச்சல் வந்திருந்தால், அல்லது மாதாமாதம் பெனிசிலின் ஊசி போடுபவர் இருந்தால், டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது மகளுக்கும் மருந்து கொடுப்பதா என்று அவர் மறுபடி யோசிப்பார்.